டப்ளினில் ஜன்னலை உடைத்தவர் சென்னையில் என்ன செய்தார்?

கேள்வி இதுதான்: "ஜன கண மன பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணி, சென்னை மாகாணப் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தவரும் அவர்தான் என்கிறார்களே, உண்மையா? யார் அவர்?"

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். ஜன கண மன 1911 டிசம்பரிலேயே கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்டுவிட்டது. மெட்டு தாகூருடையது. 1919 பிப்ரவரியில் அவர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கினார். ஊர் இன்று ஆந்திராவில் இருக்கிறது, அன்று சென்னை மாகாணம். அங்கிருந்த தியசாபிகல் (பிரம்மஞான சபை) கல்லூரியின் தலைவர் ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட்டின் கணவர். அங்கே தாகூர் அந்தப் பாட்டைப் பாடிக்காட்ட, இசைப் பட்டதாரியான மார்கரெட் அதை மேற்கத்திய இசைக்குறிகளில் எழுதிவைத்தார். பாட்டின் ஆங்கில ஆக்கத்தையும் தாகூர் அங்கேயே எழுதினார். பாட்டு ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் பரவ அந்த எழுத்துப்படி உதவியது. ஆனால் "மெட்டமைத்தவர்" என்று சொல்வது தாகூருக்கு நியாயமில்லை. மார்கரெட்டும் அப்படிப் பெருமை தேடியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தன் பெயரைப் பின்னால் வைத்துக்கொண்டு காரியம் செய்வதுதான் அவருடைய வழக்கம். ஓட்டுரிமை விஷயத்திலும் அதுதான் நடந்தது.

மார்கரெட் கில்லெஸ்பி 1878 நவம்பர் 7 அன்று அயர்லாந்தின் மேற்கே, ராஸ்காமன் பகுதியிலுள்ள பாயில் என்ற சிற்றூரில் பிறந்தார். புராட்டஸ்டண்ட் குடும்பம். பியானோவில் தேர்ந்து, 1902-ல் அயர்லாந்து ராயல் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் ஜேம்ஸ் கசின்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஜேம்ஸ் கவிஞர், நாடக ஆசிரியர், ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் வட்டாரத்தில் பழகியவர். இருவரும் சைவ உணவுக்காரர்கள், எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே ஞானம் உண்டு என்று சொல்லும் தியசாபியில் ஈடுபாடு கொண்டவர்கள். அன்றைய டப்ளினில் இந்த மாதிரி ஒரு தம்பதியைக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

1906-ல் மான்செஸ்டரில் நடந்த ஒரு பெண்கள் மாநாட்டுக்குப் போன பிறகுதான் அவர் வாக்குரிமை இயக்கத்துக்குள் வந்தார். 1908-ல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் பாங்கர்ஸ்ட் குடும்பம் நடத்திய அமைப்பின் கிளையாக ஏன் சேரவில்லை என்று கேட்கலாம். அயர்லாந்தின் சிக்கல் வேறு. அங்கே சுயாட்சிக் கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. சுயாட்சி கேட்ட ஐரிஷ் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்ட் பெண்களுக்கு ஓட்டு கொடுப்பதை விரும்பவில்லை. "முதலில் நாட்டுக்கு விடுதலை, அப்புறம் பெண்களைப் பார்க்கலாம்" என்ற பேச்சை மார்கரெட் அங்கேயே கேட்டுவிட்டார். பிற்பாடு இந்தியாவில் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1910 நவம்பரில் லண்டனில் பெண்கள் பிரதமரிடம் தீர்மானம் கொடுக்க நாடாளுமன்றத்தை நோக்கிப் போனார்கள். போலீஸ் அவர்களை அடித்து விரட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அதன்பின் அமைச்சர்களின் வீட்டு ஜன்னல்களை உடைப்பது என்று முடிவானது. டப்ளினிலிருந்து போன குழுவில் இருந்த மார்கரெட்டுக்கு ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913 ஜனவரியில் டப்ளின் கோட்டையின் ஜன்னல்கள். அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையிடம் அது. சுயாட்சி மசோதாவில் பெண்களுக்கு இடமில்லை என்பதற்கான எதிர்ப்பு. இந்த முறை டல்லமோர் சிறையில் ஒரு மாதம். அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்டு அங்கே உண்ணாவிரதமும் இருந்தார்கள்.

அதே வருஷம் தம்பதி லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜேம்ஸுக்கு ஒரு சைவ உணவுத் தொழிற்சாலையில் வேலை. 1915-ல் அன்னி பெசன்ட் அழைக்க, 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை செய்ய ஜேம்ஸும் கூடவே மார்கரெட்டும் சென்னை வந்து சேர்ந்தார்கள். அந்த வேலை நிலைக்கவில்லை. 1916-ல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி நடந்தது. ஹன்னாவின் கணவர் ஃபிரான்சிஸ் ஸ்கெஃபிங்டனை பிரிட்டிஷ் ராணுவம் விசாரணையே இல்லாமல் சுட்டுக் கொன்றது. எழுச்சியைப் பாராட்டி ஜேம்ஸ் எழுதிய கட்டுரையால் பெசன்ட்டுக்கு நெருக்கடி. அவரைப் பத்திரிகையிலிருந்து விலக்கி, மதனப்பள்ளிக் கல்லூரிக்கு அனுப்பினார். மார்கரெட்டும் அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசுவதும் அங்கேதான் தொடங்கியது.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானது. பெசன்ட் தலைவர். மார்கரெட், டாரதி ஜினராஜதாசா இருவரும் ஓடியாடி வேலை பார்த்தவர்கள். டாரதி, இலங்கையில் பிறந்த தியசாபிஸ்ட் ஜினராஜதாசாவின் மனைவி. சங்கத்துக்கு 'ஸ்திரீ தர்மம்' என்ற பத்திரிகையும் வந்தது. பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பத்தினி தர்மம் போதிக்கிற பத்திரிகை இல்லை அது. எந்த மாகாணத்தில் எந்தத் தீர்மானம் வந்தது, எந்த ஊரில் பெண்ணை நகரசபைக்கு நியமித்தார்கள், வெளிநாட்டில் வாக்குரிமை எதுவரை வந்திருக்கிறது என்று இந்தியா முழுக்கப் படித்த பெண்களை ஒரே செய்தி வட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இனி முக்கியமான கட்டம். 1917 கடைசியில் இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு, வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டோடு ஊர் ஊராகப் போய் அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மார்கரெட்டும் தோழிகளும் பெண் கல்வி பற்றி மனு கொடுக்கத்தான் முதலில் நேரம் கேட்டார்கள். அரசியல் விஷயமாக வருகிறவர்களை மட்டும்தான் சந்திப்போம் என்று பதில் வந்தது. சரி, அப்படியானால் அரசியலே கேட்போம் என்று மார்கரெட் மனுவில் வாக்குரிமையைச் சேர்த்தார். இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கை அரசாங்கத்தின் முன் முதன்முதலாக வைக்கப்பட்ட கதை இவ்வளவுதான். வாசலை அடைக்க வெள்ளைக்காரர்கள் வைத்த நிபந்தனையே வழியாகிவிட்டது. இதை யோசிக்க ஹாலோவேயில் இருந்துவிட்டு வந்த ஓர் ஆள் தேவைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1917 டிசம்பர் 18 அன்று சென்னையில் அந்தத் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்தது. தலைமை சரோஜினி நாயுடு. பேகம் ஹஸ்ரத் மொஹானி, பெசன்ட் போன்றவர்கள் உடன் இருந்தார்கள். மனுவைத் தயாரித்து, ஆளுக்கொரு கடிதம் எழுதி எல்லாரையும் சேர்த்த மார்கரெட், குழுவில் ஒருவராக மட்டும் நின்றார். வாக்குரிமைக்கு விதி எழுதும்போது பெண்களையும் மக்கள் என்று எண்ணுங்கள், பெண் என்பதையே தகுதியின்மையாக வைக்காதீர்கள் என்பதுதான் கோரிக்கையின் சாரம். மாண்டேகு தன் நாட்குறிப்பில் இந்தச் சந்திப்பைக் குறித்து வைத்திருக்கிறார். சரோஜினி கெட்டிக்காரர், ஆனால் உள்ளுக்குள் புரட்சிக்காரர் என்று அவருக்குச் சந்தேகம். மார்கரெட்டை லண்டனிலிருந்து வந்த பிரபல வாக்குரிமைப் போராளி என்று எழுதினார். ஐரிஷ்காரரைப் போய் லண்டன் ஆள் என்று!

பலன் உடனே கிடைக்கவில்லை. 1918-ல் வந்த மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு அறிக்கையில் பெண்கள் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்து, யாருக்கு ஓட்டு என்று முடிவுசெய்ய வந்த சவுத்பரோ குழு மனுக்களை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தியச் சமூக நிலைமைக்கு இது ஒத்துவராது, காலம் கனியவில்லை என்றது. அதற்குள் காங்கிரஸ் பெண் வாக்குரிமையை ஆதரித்துத் தீர்மானம் போட்டிருந்தது. 1919-ல் சரோஜினியும் பெசன்ட்டும், பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதானும் லண்டன் போய் நாடாளுமன்றக் குழுவிடம் வாதாடினார்கள். கடைசியில் பிரிட்டிஷ் அரசு ஒரு சமாளிப்பு வேலை செய்தது: நாங்கள் கொடுக்க மாட்டோம், தடுக்கவும் மாட்டோம், அந்தந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் தீர்மானம் போட்டுப் பெண்களுக்கான தடையை நீக்கிக்கொள்ளட்டும். எந்தச் சட்டசபையும் அதைச் செய்யாது என்று லண்டனில் பலர் எண்ணியிருக்க வேண்டும்.

1921 ஏப்ரலில் சென்னைச் சட்டசபை செய்துவிட்டது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெரிய பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு ஓட்டு கொடுத்த முதல் மாகாணம் சென்னைதான். அதே ஆண்டில் பம்பாய் பின்தொடர்ந்தது. வங்காளம் 1925 வரை இழுத்தடித்தது. சமஸ்தானங்களையும் கணக்கில் எடுத்தால் திருவிதாங்கூர் சென்னைக்கு முந்திக்கொண்டது.

ஜன்னல் உடையாமல், யாரும் சிறைக்குப் போகாமல் இது எப்படி நடந்தது? என் கணிப்பில் மூன்று விஷயங்கள் சேர்ந்துகொண்டன. சொத்து, வரித் தகுதி இருப்பவர்களுக்குத்தான் ஓட்டு. அந்தத் தகுதியோடு தன் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் மிகச் சொற்பம். ஆகவே எந்த உறுப்பினருக்கும் தன் தொகுதி கைவிட்டுப் போகும் பயம் இல்லை. அடுத்து, "உங்கள் சமூகம் இதற்குத் தயாராக இல்லை" என்று சவுத்பரோ குழு சொன்னது இந்திய ஆண்களின் ரோஷத்தைக் கிளப்பியது. தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டால் அந்த வெள்ளைக்காரக் கணிப்பு சரி என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். மூன்றாவது, மாதர் சங்கம் நான்கு வருஷமாகச் செய்த கடித வேலை. ஊர் ஊராகக் கிளைகள், கிளைக்கு ஒரு தீர்மானம், ஒவ்வொரு உறுப்பினருக்கும் மனு. பார்க்கச் சப்பென்று இருக்கும் இந்த மூன்றாவதுதான் மார்கரெட்டின் பங்கு. "வாங்கித் தந்தார்" என்பதைவிட, வாங்குகிறவர்களை ஒன்றுசேர்த்தார் என்பதுதான் பொருத்தம்.

ஒரு ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். 1918-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெண்களுக்கு ஓட்டு வந்தது, ஆனால் 30 வயது தாண்டியவர்களுக்கு மட்டும். அயர்லாந்தில் ஆணுக்கு நிகராக 1922-ல், பிரிட்டனில் 1928-ல். ஆணுக்கு என்ன நிபந்தனையோ அதேதான் பெண்ணுக்கும் என்று சென்னை 1921-லேயே சொல்லிவிட்டது. எண்ணிக்கையில் அது சின்ன வெற்றி என்பதை மறுக்கவில்லை. கூலி வேலை செய்த பெண்களில் ஒருவருக்குக்கூட அதனால் ஓட்டு வந்திருக்காது; அவர்கள் வீட்டு ஆண்களுக்கும்தான் ஓட்டு இல்லை.

மார்கரெட் இதோடு நிற்கவில்லை. மங்களூரில் ஒரு தேசியப் பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். 1920-களின் தொடக்கத்தில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட் என்று அவரைச் சொல்கிறார்கள். இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவரை பெஞ்சில் உட்கார வைத்த அந்த அதிகாரி ஃபைலைப் படித்துப் பார்த்தாரா என்று நான் யோசித்ததுண்டு.

ஓட்டு வந்தும் பெண்கள் சட்டசபையில் உட்கார முடியாது என்ற நிலை 1926-ல் மாறியது. உடனே மாதர் சங்கம் ஆட்களைத் தேட ஆரம்பித்தது. மங்களூர்ப் பக்கம் கமலாதேவி சட்டோபாத்யாயா தேர்தலில் நின்றார். மார்கரெட் கூடவே ஓடிப் பிரசாரம் செய்தார். கமலாதேவி சொற்ப ஓட்டில் தோற்றார். நியமன இடத்துக்குச் சங்கம் முன்வைத்த பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மருத்துவ வேலை கெட்டுவிடும் என்று அவர் தயங்க, தோழிகள் விடவில்லை. சபைக்குள் போனவர் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்பில் அவர் செய்தது நம் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும், அதை இங்கே விரிக்கவில்லை.

அகில இந்தியப் பெண்கள் மாநாடும் கடித வேலையில் பிறந்ததுதான். வங்காளக் கல்வித் துறை அதிகாரி ஒருவர் ஒரு கல்லூரிப் பரிசளிப்பு விழாவில், பெண்களுக்கு எந்த மாதிரிப் படிப்பு வேண்டும் என்று பெண்களே ஒரே குரலில் சொல்லட்டும் என்று பேசினார். மேடையில் சும்மா சொல்லிவைக்கிற பேச்சுதான். மார்கரெட் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நாடெங்கும் பெண்களுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் ஊரில் கூட்டம் போடுங்கள், தீர்மானம் எழுதுங்கள், பிரதிநிதிகளை அனுப்புங்கள். 1927 ஜனவரியில் புனேயில் முதல் மாநாடு கூடியது. தலைமை பரோடா மகாராணி சிம்னாபாய். கல்விக்காகக் கூடியவர்கள் சீக்கிரமே குழந்தை மணத்துக்கு வந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் கல்யாணம் செய்துவைத்தால் பள்ளிக்கூடம் கட்டி என்ன பயன்? குழந்தை மணத்தைத் தடுக்க 1929-ல் வந்த சாரதா சட்டத்துக்குப் பின்னால் இவர்கள் கொடுத்த அழுத்தமும் உண்டு. தில்லியில் லேடி இர்வின் கல்லூரி உருவானதும் இந்த மாநாட்டின் முயற்சியில்தான். 1931-ல் லாகூரில் ஆசியப் பெண்கள் மாநாடு நடந்ததற்கும் யோசனை மார்கரெட்டுடையது.

அவர் மேல் விமர்சனம் இல்லாமலில்லை. வேத காலத்துப் பெண்கள் உயர்வாக இருந்தார்கள், நடுவில்தான் கெட்டது என்ற தியசாபிஸ்ட் கதையை அவர் பெரும்பாலும் நம்பினார். சங்கத்தில் மேல்சாதி, வசதியான குடும்பப் பெண்களே அதிகம். சாதி பற்றி அந்த வட்டாரம் பேசியதற்கும் அதே காலத்தில் சுயமரியாதை இயக்கப் பெண்கள் பேசியதற்கும் நடுவே பெரிய தூரம். இதையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்தியப் பெண்களைக் காப்பாற்ற வந்தவர் என்ற தோரணையில் நடந்துகொண்ட மேல்நாட்டுப் பெண்களோடு இவரையும் சேர்த்துக் கட்டுவது தவறு. அமெரிக்க எழுத்தாளர் காத்தரின் மேயோ 1927-ல் இந்தியாவை இழிவுபடுத்தி எழுதியபோது எதிர்த்துப் பேசியவர்களில் மார்கரெட் ஒருவர்.

1932-ல் அது இன்னும் தெளிவானது. சட்ட மறுப்பு இயக்கத்தை நசுக்க அரசு அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்திருந்தது. பேச்சுரிமையைப் பறிக்கும் அந்தச் சட்டங்களைக் கண்டித்து, அந்த ஆண்டின் கடைசியில் மார்கரெட் சென்னையில் பொதுக்கூட்டத்தில் பேசினார். கைது. ஒரு வருஷம் தண்டனை. ஐம்பத்து நான்கு வயதில் வேலூர் சிறை. இங்கிலாந்து, அயர்லாந்து, இந்தியா என்று மூன்று நாட்டுச் சிறைகளையும் ஒரே சாம்ராஜ்யத்தின் கைதியாகப் பார்த்துவிட்டார். முதல் இரண்டும் பெண்களின் ஓட்டுக்காக, மூன்றாவது இந்தியர்களின் பேச்சுரிமைக்காக. டப்ளினில் "நாடா, பெண்ணா, எது முதலில்" என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இந்தியாவில் இரண்டையும் சேர்த்தே கேட்கலாம் என்று அவர் நினைத்தார். காங்கிரஸ் ஆதரவு கிடைத்ததால் அது ஓரளவு பலித்தது.

1930-களில் வாக்குரிமை விவாதமும் மாறிப்போயிருந்தது. சொத்துக்கார ஆணின் மனைவிக்கு ஓட்டு தரலாம், பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம் என்று லண்டனில் பேசினார்கள். மாதர் சங்கமும் பெண்கள் மாநாடும் வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு என்றே கேட்டன. 1935 சட்டம் மனைவித் தகுதி, எழுத்தறிவுத் தகுதி என்று சேர்த்து சுமார் 60 லட்சம் பெண்களைப் பட்டியலில் கொண்டுவந்தது. கேட்டது வேறு, கிடைத்தது வேறு.

1936-ல் மார்கரெட் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் தலைவரானார். அதன்பின் மெல்ல ஒதுங்கிக்கொண்டார். இந்தியப் பெண் தலைவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள், இனி தன் நேரடிப் பங்கு தேவையில்லை, ஒருவேளை அவர்கள் அதை விரும்பவும் மாட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அதில் கொஞ்சம் வருத்தமும் தெரிகிறது. தொடங்கிவைத்த அமைப்பில் கடைசிவரை நாற்காலியை விடாமல் இருந்தவர்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம் என்பதால் அந்த வரி என்னைக் கவர்ந்தது.

1944 வாக்கில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். கையில் பணமும் இல்லை. சென்னை அரசு உதவித்தொகை கொடுத்தது, பிறகு நேருவும் உதவினார். கணவனும் மனைவியும் மாறி மாறி அத்தியாயம் எழுதிய சுயசரிதை 1950-ல் சென்னையில் வெளியானது. ஜேம்ஸின் பகுதிகளில் கவிஞர்களும் ஆவியுலக அனுபவங்களும் அதிகம். வாக்குரிமைக் கதை வேண்டுமென்றால் மார்கரெட்டின் பகுதிகளைத் தேடிப் படிப்பது நல்லது. 1954 மார்ச் 11 அன்று அடையாறில் காலமானார். வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் நடந்த முதல் பொதுத்தேர்தல் அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் முடிந்திருந்தது. அந்தத் தேர்தலிலும் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று மட்டுமே சொல்லி, சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது.